நாகர்கோவில் லேசும் கிறிஸ்துமஸ் மேசை விரிப்பும்

டிசம்பர் பிறந்துவிட்டால் கராடி ஐ.டி. கம்பெனி வாசல்களில் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். வரவேற்பறையில் பிளாஸ்டிக் மரம், அதில் குரோஷா நூலில் பின்னிய வெள்ளை மணிகள், பக்கத்தில் பூவேலை செய்த மேசை விரிப்பு. இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சமாச்சாரம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்க ஊர்ப் பக்கம், நாகர்கோவிலில் இருக்கிறது. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு வார்த்தை. லேசுக்குத் தமிழில் 'ரேந்தை' என்று ஒரு பழைய பெயர் உண்டு. போர்ச்சுகீசிய 'ரெண்டா'விலிருந்து வந்தது. இலங்கையில் இன்றும் இந்தப் பெயர் புழங்குகிறது. அதாவது ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இந்தச் சரக்கு நம் கடற்கரைகளுக்கு அறிமுகமாகியிருந்தது. ஆனால் அதை ஒரு தொழிலாக நம் பெண்கள் கையில் கொடுத்தது நாகர்கோவில்.

1819-ல் லண்டன் மிஷன் சார்பாக சார்லஸ் மால்ட், அவர் மனைவி மார்த்தா மால்ட் இருவரும் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். (கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.) சார்லஸ் மீட் அங்கே ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தார். பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி ஆரம்பித்தார்கள். அடுத்த ஓரிரு வருடங்களில் அந்தப் பள்ளியில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்.

இது 'தலையணை லேஸ்'. கெட்டியான தலையணை மேல் துளையிட்ட மாதிரித் தாளை விரிப்பார்கள். துளைகளில் குண்டூசி குத்துவார்கள். சின்னச் சின்ன மரக்கட்டைகளில் நூல் சுற்றியிருக்கும். அந்தக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஊசிகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகவேண்டும். நாலு கால் ஜடை போடத் தெரிந்தவர்களுக்கு அடிப்படை சட்டென்று பிடிபடும். ஆனால் ஜடைக்கு நாலு கால். இதில் அகலமான வேலை என்றால் டஜன் கணக்கில் கட்டைகள். ஒரு கட்டை இடம் மாறினால் பூ கோணிவிடும்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததையும் பார்க்கவேண்டும். ஜான் ஹீத்கோட் 1809-ல் லேஸ் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1816-ல் லஃப்பரோவில் இருந்த அவர் தொழிற்சாலையை லுடைட்டுகள் உடைத்தார்கள். அவர் டெவன் பக்கம் போய்விட்டார். அங்கே கைலேஸ் பின்னிய பெண்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. 1840-ல் விக்டோரியா ராணி தன் கல்யாணத்துக்கு ஹானிட்டன் கைலேஸ் அணிந்ததில் அந்தப் பெண்களுக்குக் கைகொடுக்கும் எண்ணமும் இருந்தது. அங்கே தேயத் தொடங்கிய கைவேலை, இங்கே வேர் பிடித்தது!

சரி, விஷயத்துக்கு வருவோம். திருவிதாங்கூரில் அன்று அடிமை முறை சட்டப்படியே இருந்தது. 1855-ல்தான் அது ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. படிப்பவர்களுக்கு ஒரு வரி. அந்தப் பெண்ணுக்கு எத்தனை முழம் லேஸ் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு முரண். இந்த லேஸ் போய்ச் சேர்ந்தது வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கவுன் ஓரத்துக்கு. அதைப் பின்னிய சாதிகளின் பெண்களுக்கோ சொந்த ஊரில் மார்பை மூடும் உரிமை கிடையாது. மிஷன் வளாகத்தில் தைத்துக் கொடுத்த தளர்ந்த சட்டையைப் போட்டதற்கே கலவரம் நடந்தது. தோள்சீலைப் போராட்டம் 1820-களில் தொடங்கி விட்டு விட்டு நீண்டு, 1859 ஜூலை 26 அரசாணையில் ஒரு கட்டத்தை அடைந்தது. அந்த ஆணையிலும் 'மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது' என்ற நிபந்தனை இருந்தது. நாகர்கோவில் பக்கத்துத் துணி வரலாற்றை இந்த இரண்டையும் சேர்த்தேதான் படிக்க முடியும்.

மால்ட் தம்பதியின் மகள் எலிசா. அவர் 1844-ல் மணந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? நம்ம ராபர்ட் கால்டுவெல்லைத்தான். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்ட அதே கால்டுவெல். தேரிக்காட்டு இடையன்குடியில் எலிசா பெண்கள் பள்ளியும் லேஸ் வேலையும் தொடங்கினார். கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது. இடையன்குடியில் பின்னிய பெண்களின் பெயர்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணக்கூடக் கிடைக்காது.

பிறகு லேசோடு வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் பூவேலையும், நூலை உருவிச் செய்யும் வேலையும், வெட்டுத் துளை வேலையும் சேர்ந்துகொண்டன. மேசை விரிப்பு, தலையணை உறை, கைக்குட்டை என்று வீட்டுச் சாமான்களாயின. எங்க ஊர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் வட்டச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு தைத்த அத்தைமார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர்.

புனே பக்கமும் இப்படி ஒரு கதை உண்டு. சோலாப்பூர் ரோட்டில் போனால் கேட்கான். அங்கே பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லத்தில், 1890-களின் பஞ்சத்தில் ஆதரவிழந்த பெண்களுக்குத் தையல், நெசவு, அச்சு வேலை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ரமாபாயின் கணக்கு எளிமையானது: கையில் தொழில் இருந்தால் விதவைக்கு யார் தயவும் வேண்டாம்.

ஆனால் ஊசியே விடுதலை என்று முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. ஆந்திராவின் நர்சாபூரில் இதே போல மிஷன் வழியாகப் பரவிய குரோஷா லேஸ் பற்றி, மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சமையல், பிள்ளை, வீடு எல்லாம் பார்த்து, அதற்கு மேல் தினம் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய பெண்களை எல்லோரும் 'சும்மா வீட்டில் இருப்பவர்கள்' என்றே கணக்கு வைத்தார்கள். ஏற்றுமதி லாபம் வியாபாரிக்கு. பின்னியவளுக்குக் கிடைத்தது 'பொழுதுபோக்குக் கூலி'. அடிமைக்கு விடுதலைப் பணமாக இருந்த அதே நூல், 'கைச்செலவுக் காசு' என்று பெயர் மாறியதும் மலிந்துபோனது. வேலை மாறவில்லை, அதைப் பார்த்த கண்தான் மாறியது.

கடைசியாக, கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு உபயோகமான விஷயம் :-) பூவேலை விரிப்பைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மெஷின் வேலையில் அடிநூல் தனியாக, ஒரே சீராக ஓடும். கைவேலையில் முன்னும் பின்னும் ஒரே நூல். நூல் முடிகிற இடமும் தாவுகிற இடமும் தெரியும். தையல் மயிரிழை முன்பின்னாக இருக்கும். அப்படி ஒன்று கையில் அகப்பட்டால், விலையைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் 'இதுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நம்முடைய வேலைக்கு மட்டும் மணிக்கணக்கில் பில் போடுகிறோமே, அந்தக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.