கை மிஷினில் தோல் தைக்கலாமா?



தோல் பர்ஸ், கார்டு கவர், சின்னக் கைப்பை போன்றவற்றை வீட்டிலேயே செய்து விற்கலாம் என்ற எண்ணம் நம் குடியிருப்பில் சிலருக்கு வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். அதற்காகப் பழைய கை மிஷின் ஒன்று வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். பழைய சாமான் விற்பவரைக் கேட்டால், "அந்தக் காலத்து இரும்பு சார், தோல் என்ன, தகரத்தையே தைக்கும்" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பிச் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எந்த மிஷின் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், எதை வாங்கலாம், எதை விடலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அதற்குக் கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் ஒரு தையல் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். ஊசியின் கண் அதன் முனைக்குப் பக்கத்தில் இருந்தது. மேல் நூல் ஊசியில் வரும், கீழ் நூல் ஷட்டிலில் வரும், இரண்டும் துணியின் நடுவில் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும். இன்று நம் வீடுகளில் உள்ள மிஷின்கள் தைப்பதும் இதே தையல்தான். 1851-ல் ஐசக் சிங்கர் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டு அலைந்து, கடைசியில் 1856-ல் முக்கிய கம்பெனிகள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகத் திரட்டிச் சமாதானம் ஆயின.

அதே 1856-ல் நடந்த இன்னொன்று என்னைப் போன்ற வங்கிக்காரர்களுக்குப் பிடித்தமானது. மிஷின் விலை நூறு டாலருக்கும் மேல். சாதாரணக் குடும்பம் மொத்தமாகக் கொடுக்க முடியாத தொகை. சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க், கொஞ்சம் முன்பணம், மீதி மாதத் தவணை என்று விற்க ஆரம்பித்தார். அதன் பிறகுதான் தையல் மிஷின் பட்டறையை விட்டு வீட்டுக்குள் வேகமாக நுழைந்தது. நம் ஊரிலும் 1980-களில் ஐ.ஆர்.டி.பி. திட்டத்தில் தையல் மிஷினுக்கு நிறையக் கடன் கொடுத்தோம். அதற்கான கொட்டேஷனில் கம்பெனி பெயர் இருக்கும், விலை இருக்கும். 'என்ன தைக்கப் போகிறீர்கள்?' என்ற கேள்விக்கு அதில் இடம் இருக்காது. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

வீட்டுக்குள் வந்த மிஷின் துணிக்காகச் செய்யப்பட்டது. தோல் தைக்கும் மிஷின் வேறு வழியில் வளர்ந்தது. அமெரிக்காவின் லின் நகரம் செருப்புத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே 1852-ல் ஹோவ் மிஷினை ஷூவின் மேல்தோல் தைக்க ஏற்றபடி மாற்றினார்கள். அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு சேர்க்க 1858-ல் லைமன் பிளேக் தனி மிஷின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய தோலுக்கு ஒன்று, தடித்த தோலுக்கு ஒன்று என்று தொழில்காரர்கள் அன்றே பிரித்துவிட்டார்கள். பழைய மிஷின் என்றால் எதையும் தைக்கும் என்பது பின்னால் வந்த விற்பனைப் பேச்சு.

இன்று நம் கைக்குக் கிடைக்கும் பழைய சிங்கர்கள் பல ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்யப்பட்டவை. 1885 முதல் 1980 வரை ஓடிய ஆலை அது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்த காலம் உண்டு. ஆலை போன பிறகும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் 'சிங்கர்' என்றே இருக்கிறது. மாடல் எண்ணோடு 'கே' என்ற எழுத்து இருந்தால் அது அந்த ஆலையின் வடிவம் என்று அர்த்தம். உங்களிடம் வரக்கூடியவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது 27, 28 மாடல்கள். படகு போன்ற ஷட்டிலும் அதற்குள் நீளமான பாபினும் இருக்கும். பார்க்க மிக அழகு, ஓட்டமும் மெது. ஷட்டிலோ பாபினோ தொலைந்திருந்தால் தேடி அலைய வேண்டும். அவை இரண்டும் இல்லாத மிஷினை அலங்காரத்துக்கு வேண்டுமானால் வாங்குங்கள்.

இரண்டாவது 66, அதன் முக்கால் அளவான 99. வட்டப் பாபினை மேலிருந்தே போடலாம். 99 அடக்கமானது, அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். மெல்லிய தோலுக்கு நன்றாக உழைக்கும்.

மூன்றாவது 15. பாபின் கேஸ் இடது பக்க முனையில் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியர்கள் இந்த வடிவத்தைத்தான் லட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்க விற்றார்கள். கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930-களில் தொடங்கிய உஷா முதல் லூதியானா மிஷின்கள் வரை, நம் ஊர் கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை இதற்கு உறவு. எனவே ஊசி, பாபின், பாபின் கேஸ் எல்லாம் தையல் மிஷின் சாமான் கடைகளில் கிடைக்கும். என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் சரி. தூணின் பின்பக்கம் மோட்டார் மாட்டும் மேடும், கம்பிகள் உள்ள சக்கரமும் இருந்தால் கைப்பிடியைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 'ஆன்டிக்' என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

நான்காவது 29கே. இதைப் 'பேட்ச்சர்' என்பார்கள். தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் இதன் சாயலில் உள்ள மிஷினைப் பார்த்திருப்பீர்கள். இது தோலுக்கென்றே பிறந்தது. கை மெலிந்து நீண்டிருப்பதால் ஷூவுக்குள்ளும் நுழையும். மேலே உள்ள பாதமே தோலை இழுத்து நகர்த்தும், அது எந்தத் திசையிலும் திரும்பும். குறையும் உண்டு. அந்தப் பாதத்தின் பல் மெல்லிய தோலில் தழும்பு போடும். உள்ளே பற்சக்கரம் தேய்ந்திருந்தால் தையல் நீளம் குறைந்துகொண்டே போகும். பை, ஷூ பழுது பார்ப்பவருக்கு இது ஏற்றது. பளபளப்பான பர்ஸ் செய்பவருக்கு அல்ல.

அப்படியானால் துணி மிஷினில் எவ்வளவு தோல் தைக்கலாம்? இரண்டு மடிப்பும் சேர்ந்து 2 மி.மீ., மிக மென்மையான தோலானால் 2.5 மி.மீ. அதற்கு மேல் போனால் ஊசி வளையும், தையல் தாவும். மடிக்கும் ஓரங்களைக் கத்தியால் சீவி மெலிதாக்கிக்கொண்டால் இந்த அளவுக்குள்ளேயே நிறையச் செய்யலாம். கைப்பிடியின் பெருமை அதன் பலத்தில் இல்லை, நிதானத்தில் இருக்கிறது. சிங்கர் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் சுமார் மூன்று தையல் விழும். மூலையில் சரியான இடத்தில் ஊசியை நிறுத்தித் திருப்பலாம்.

தோலில் இது ஏன் முக்கியம்? துணியில் தப்பாகக் குத்திவிட்டால் பிரித்துவிடலாம், ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். நெருக்கமாகத் தைத்தால் செக் புத்தகத்தில் கிழிப்பதற்குப் போட்ட துளைக்கோடு மாதிரி ஆகிவிடும், ஒரு இழுப்பில் கிழியும். தையல் நீளம் 3 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். தோலுக்கென்று விற்கும் வெட்டுமுனை ஊசியை, 16 அல்லது 18 நம்பரில் போடுங்கள். நூல் நைலானோ பாலியஸ்டரோ, 40 நம்பருக்கு மேல் தடிமன் வேண்டாம். பருத்தி நூல் நாளடைவில் தோலுக்குள் இற்றுப்போகும். பாதம் தோலில் ஒட்டி நகராவிட்டால் உருளை வைத்த பாதம் மாட்டுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: வலது கை சுற்றிக்கொண்டிருக்கும், தோலைப் பிடிக்க இடது கை மட்டும்தான். நீளமான தையல் அதிகம் என்றால் கால் மிஷினே சௌகரியம்.

பெல்ட், பையின் கைப்பிடி போன்றவற்றுக்கு மிஷினே வேண்டாம். இரண்டு ஊசியால் எதிரெதிராகக் கையில் தைக்கும் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று தாங்கும். மிஷின் தையல் அப்படியல்ல, ஒரு இடம் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும். காந்தியடிகள் 1924-ல் ஜி. ராமச்சந்திரனுடன் நடத்திய உரையாடலில் இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்துப் பாராட்டினார். பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவியவர்தான் அந்த ராமச்சந்திரன். அதே காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் செருப்பைக் கையால் செய்தார். அதில் ஒரு ஜோடி ஜெனரல் ஸ்மட்ஸிடம் போய்ச் சேர்ந்தது. மிஷினுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை. இரண்டையும் மதிக்கலாம்.

தோலுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலுக்கு நம் மாநிலம் பல காலமாகப் பேர் வாங்கியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் அந்தத் தொழிலில் வளர்ந்த ஊர்கள். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடைகளுக்குப் போய் முதலில் துண்டுத் தோல் வாங்குங்கள். மிஷின் அதற்குப் பிறகு.

மிஷின் பார்க்கப் போகும்போது அந்தத் துண்டுத் தோலையும் நூலையும் புது ஊசியையும் கையோடு கொண்டுபோங்கள். துணியில் தைத்துக் காட்டினால் போதாது, உங்கள் தோலில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள். சக்கரம் எங்கேயும் சிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் தையல் ஒரே மாதிரி விழ வேண்டும். கைப்பிடியின் பற்கள் தேய்ந்திருக்கக் கூடாது. சாதாரண ஊசி பொருந்துகிறதா என்று கட்டாயம் கேளுங்கள், மிகப் பழைய சில மாடல்களுக்கு ஊசியே கிடைக்காது. தங்க நிறப் பூவேலை அழிந்திருந்தால் கவலை வேண்டாம், பூ தைக்காது. விற்பவர் தைத்துப் பார்க்க விடவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தடவை பாருங்கள். பாட்டியோ அத்தையோ தைத்த மிஷின் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். இறக்கித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசின் மாதிரி இறுகிவிடும். முதலில் பழைய துணியில் கொஞ்சம் ஓட்டினால் தோலில் எண்ணெய்க் கறை படாது. கை மிஷினுக்குக் கரண்ட் வேண்டாம், சத்தமும் குறைவு. ராத்திரி பத்து மணிக்குத் தைத்தாலும் கீழ் வீட்டுக்காரர் செயலாளரிடம் புகார் சொல்ல மாட்டார்.