முதியோர் நினைவாற்றல் மதிப்பீடு

நோயில்லாத முதியவர்கள் புதியவற்றைக் கற்று, மனத்தில் நிறுத்தி, மீட்டுச் சொல்லும் திறனை அளக்கும் முறை.

பரவலான சோதனை எளியது. பத்துச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, நினைவில் நின்றதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இப்படி மூன்று சுற்று. முதலில் நான்கு சொன்னவர் மூன்றாம் சுற்றில் ஏழு சொன்னால், அந்த ஏற்றமே கற்றல். இடையில் வேறு வேலை தந்து, சற்று நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். அப்போது தங்கியிருப்பதே நினைவு.

படிப்பறிவு குறுக்கிடுவதுதான் பெரிய சிக்கல். 1975இல் அமெரிக்காவில் வந்த சிறு மனநிலைச் சோதனை, ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அதில் மதிப்பெண் இழப்பது மறதியால் அல்ல. டெல்லியை அடுத்த பல்லப்கட் கிராமங்களில் இச்சோதனையைத் திருத்தி அமைத்த இந்தி வடிவம் 1995இல் வெளியானது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்தும் ‘லாசி-டாட்’ என்ற முதியோர் மறதிநோய் ஆய்வின் முதல் கட்டத்தில் (2017–2020), 60 வயதும் அதற்கு மேலும் ஆன 4,096 பேர் இத்தகைய சோதனைகளைச் செய்தனர். வயது, கல்விக்கு ஏற்ற இயல்பான அளவு எதுவென்று அறிய இத்தகைய தரவு உதவுகிறது.