ஆலை யுகத்துக்கு அப்பால்

இங்கிலாந்தில் பிராட் காம்டன் என்னும் சிற்றூரில், பழைய நார்மன் கோயில் ஒன்றைச் செப்பனிட்டுத் தம் இல்லமாக்கிக்கொண்டிருந்த ஆனந்த குமாரசுவாமி, 1907 செப்டம்பர் முதல் மறு ஆண்டு டிசம்பர் வரை, கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மாரிஸ் ஆங்கிலக் கவி சாஸரின் நூலை அச்சிட்ட அதே கையச்சு யந்திரத்தில், இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தம் பெருநூலை அச்சிட்டு முடித்தார். எழுத்துக்கு மை தடவி, தாளை விரித்து, கைப்பிடியை இழுத்து அழுத்தி, ஒவ்வொரு பக்கமாக எடுக்க வேண்டிய அந்த வேலையில் உருவான பிரதிகள் 425. நாழிகைக்கு ஆயிரக்கணக்கில் தாள்களை அச்சிட்டுத் தள்ளும் யந்திரங்கள் நிறைந்த தேசத்தில் அவர் இவ்வளவு சிரமத்தை மேற்கொண்டது, மனிதன் செய்யும் தொழில் அவனுடைய ஆன்மாவையும் வளர்க்க வேண்டும் என்ற கொள்கையினாலேயே ஆகும்.

இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் புதல்வராக 1877-இல் கொழும்பில் பிறந்த அவர், தாதுப்பொருள் ஆராய்ச்சிக்காக அத்தீவின் கிராமங்களில் சஞ்சரித்தபோது, பரம்பரைக் கைவினைகள் அந்நியச் சரக்கின் முன் நசித்துவருவதைக் கண்கூடாகக் கண்டார். இந்த நசிவுக்குக் காரணமான ஆலை யுகத்துக்கு அடுத்த அமைப்பைக் குறிக்கும் தொழில்மயத்துக்குப் பிந்திய சமுதாயம் என்னும் பெயர் அவரிடமிருந்தே தமக்குக் கிடைத்தது என்று அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான ஆர்தர் பென்டி எழுதியிருக்கிறார். அப்பெயரைத் தாங்கிய நூல்களை 1917-இலும் 1922-இலும் வெளியிட்ட பென்டி, தொழிலாளர் சங்கங்கள் பண்டைய கம்மியர் குழுக்களைப் போல மீண்டும் தலைதூக்கி, ஆலையின் ஆதிக்கம் ஒழியும் காலத்தையே அதனால் குறித்தார்.

அரை நூற்றாண்டு கழிந்தபின், 1973-இல், அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் டேனியல் பெல் அதே பெயரில் முற்றிலும் வேறானதொரு சித்திரத்தைத் தீட்டினார். பண்டங்களை உற்பத்தி செய்வோரைக் காட்டிலும் வைத்தியம், கல்வி, வர்த்தகம், நிர்வாகம் முதலிய சேவைகளில் ஈடுபடுவோர் மிகுந்து, தத்துவார்த்த அறிவே சமுதாயத்தின் அச்சாணியாகி, ஆலை வகித்த ஸ்தானத்தைப் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சிக்கூடமும் அடையும் என்பது அவர் கணிப்பு. அவருக்கு முன்பே, 1968-ஆம் ஆண்டின் மாணவர் கிளர்ச்சியைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் அலேன் தூரேன், அடுத்த ஆண்டு எழுதிய நூலில், இப்புதிய அமைப்பிலும் அதிகாரம் செலுத்துவோரும் அதற்கு உட்படுவோரும் உண்டு என்பதை அழுத்திச் சொன்னார்.

கனடாவின் கியூபெக் அரசாங்கத்துக்காகத் தயாரித்த அறிக்கையை 1979-இல் நூலாக்கிய பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ழான் பிரான்சுவா லியோதார், இவ்வாராய்ச்சியைப் பின்நவீனத்துவத்தோடு இணைத்தார். சமுதாயம் ஆலை யுகத்தைக் கடக்கும்போது அறிவின் அந்தஸ்தும் மாறி, அது விற்பதற்கென்றே உற்பத்தியாகும் சரக்காகிறது என்றும், மனித குலத்தின் விடுதலை முதலிய பெருங்கதையாடல்களில் மக்கள் வைத்திருந்த விசுவாசம் தளர்ந்துவிட்டது என்றும் அவர் கூறினார். அமெரிக்க விமரிசகர் பிரெடரிக் ஜேம்ஸன் 1984-இல், சமுதாயம் ஆலை யுகத்தைக் கடந்துவிட்டது என்னும் கருத்தை மறுத்து, எர்னஸ்ட் மாண்டலின் பொருளாதார ஆராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டு, முதலாளித்துவம் மறையவில்லை, கலையையும் கலாசாரத்தையும்கூடத் தன்வசமாக்கி முன்னினும் பூரணமடைந்துள்ளது என்று வாதித்தார்.

இவ்விவாதத்தில் ஜேம்ஸன் பக்கமே நியாயம் மிகுந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆலைகள் ஒழிந்துவிட்டன என்று கருதப்படும் நகரங்களின் மாந்தர் உடுத்தும் ஆடை திருப்பூரிலும் டாக்காவிலும் தைக்கப்படுகிறது. தையல் யந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணுக்கு ஆலை யுகம் இன்னும் முடியவில்லை. ஆகவே, புதிய சமுதாயத்தைப் பற்றிய எந்தச் சித்தாந்தத்தையும் பரீட்சிக்க வேண்டிய உரைகல், அதில் உழைப்பவனுக்கு உழைப்பு எத்தகைய வாழ்வைத் தருகிறது என்பதே. குமாரசுவாமி எதிர்பார்த்த கைவினை உலகம் வரவில்லையாயினும், அவர் எழுப்பிய அந்தக் கேள்விக்கு விடை தராத சித்தாந்தம் எதுவும் பூரணமானது என்று ஒப்புக்கொள்வதற்கில்லை.