தலைமையகம் எங்கே? மலையகப் பெருந்தோட்டத் துறையில் இடத்தெரிவும் வர்க்க உறவும்

ஒரு நிறுவனம் தனது தலைமையகத்தை எந்நகரில் அமைக்கின்றது என்பது பொதுவாக நிர்வாக வசதி பற்றிய வினாவாகவே நோக்கப்படுகின்றது. ஆனால், தீர்மானம் எடுக்கப்படும் இடத்துக்கும் உழைப்பு நிகழும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு சமூக உறவின் வெளிப்பாடாகும். மலையகப் பெருந்தோட்ட வரலாற்றில் மூலதனம் செய்த இடத்தெரிவையும், உழைப்பு ஒரு தடவை செய்த இடத்தெரிவையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலத்தில், 1854 இல், தோட்டத்துரைமார் தம் சங்கத்தைக் கண்டியிலே நிறுவினர். அன்று உரிமையாளர் பலர் தோட்டத்திலேயே வாழ்ந்தனர். கண்டி அவர்களது தோட்டங்களுக்கு அண்மையிலிருந்த நகரம். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பெற்றது. தேயிலைக்கோ தொழிற்சாலையும் இயந்திரமும் பெருமுதலும் வேண்டியிருந்தன. ஆகவே தனியுரிமையாளர் பலரின் இடத்தை இலண்டனிற் பதிவுபெற்ற ஸ்டேர்லிங் கம்பனிகள் கைப்பற்றின. பணிப்பாளர் சபை மின்சிங் லேன் சந்தைக்கு அண்மையிலும், அதன் முகவர் நிறுவனம் கொழும்புத் துறைமுகத்துக்கு அண்மையிலும் அமைந்தன. 1883 இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1884 இல் புகையிரதப் பாதை ஹட்டனையும், மறு ஆண்டு நானுஓயாவையும் அடைந்தது. தேயிலை அப்பாதையால் இறங்கிற்று. கட்டளைகள் அதே பாதையால் ஏறின. பிற்காலத்தில் துரைமார் சங்கத்தின் தலைமையகமும் கொழும்புக்கே பெயர்ந்தது.

இவ்விடத்து நுவரெலியாவின் நிலை கவனத்திற்குரியது. தேயிலை நாட்டின் நடுவிலிருந்தும் அது மூலதனத்தின் பணிமனை நகரமாகவில்லை. 1876 இல் ஹில் கிளப்பும் 1889 இல் கோல்ப் கழகமும் அங்கு அமைந்தன. மலை ஓய்வுக்கும் உற்பத்திக்கும் உரிய இடமாயிற்று. கணக்கும் இலாபமும் வேறிடத்துக்குரியனவாயின.

தொழிலாளருக்கு இத்தூரம் வேறொரு வடிவில் தோன்றிற்று. தோட்டம் தனியார் சொத்து. துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. எனவே கொழும்பை மையமாகக் கொண்டு வளர்ந்த தொழிற்சங்க இயக்கம் தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது. 1920களில் கொழும்பிற் பத்திரிகையாளராகவும் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கியவர் கோ. நடேசய்யர். ஏ. ஈ. குணசிங்காவுடன் தொழிற்சங்கப் பணியாற்றிப் பின்னர் முரண்பட்டுப் பிரிந்த இவர், 1931 இல் ஹட்டனுக்குப் பெயர்ந்து தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அங்கு நிறுவினார். புடவை வியாபாரியாக வேடந்தாங்கி அவர் தோட்டங்களுக்குள் நுழைந்த செய்தி மலையகத்தில் நன்கறியப்பட்டது.

ஏன் ஹட்டன்? டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளுக்கு அதுவே புகையிரத வாயில். அதனினும் முக்கியமானது, துரையின் ஆணை தோட்ட எல்லையுடன் முடிவடைய, கடைவீதி பொதுவிடமாக இருந்தமையாகும். பொருள் வாங்க வரும் தொழிலாளி அங்கு சங்கத்தின் படியேற முடியும். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை இயக்கத்தின் செய்தியைப் பாடல்களாக்கிப் பரப்பினார். எழுத்தறிவு பெறும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களிடையே பாடலே துண்டுப்பிரசுரத்தின் பணியைச் செய்தது. மலையக இலக்கியத்தின் ஊற்றுக்களைத் தேடுவோர் இதனைப் புறக்கணித்தலாகாது.

எனினும் இத்தெரிவை இலட்சியமயப்படுத்தல் பொருந்தாது. உலகப் பொருளாதார மந்தம் சம்பள வெட்டைக் கொணர்ந்தது. துரைமாரின் எதிர்ப்பும் கடுமையாயிருந்தது. சம்மேளனமோ பெரிதும் ஒரு தனிமனிதரின் ஆற்றலிலே தங்கியிருந்தது. 1936 இல் நடேசய்யர் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானாராயினும், 1939 இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசும் அதன் தொழிற்சங்கமும் விரைவிற் செல்வாக்குப் பெற்றன. தொழில் திணைக்களமும் பாராளுமன்றமும் முதலாளிமாரும் கொழும்பிலிருக்கையில், பெருஞ்சங்கங்களின் தலைமை அங்கு நிலைகொண்டமைக்கு நியாயமுண்டு. ஆயின் 1948 இன் குடியுரிமைச் சட்டத்தையும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பையும் அடுத்து, தொழிலாளிக்குச் சங்கமே ஏறத்தாழ ஒரேயொரு குரலாக எஞ்சியது. அந்நிலையில் அக்குரலின் இருப்பிடம் முன்னெப்போதையும்விட முக்கியமாயிற்று.

1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தங்கள் இலண்டன் பணிப்பாளர் சபைகளின் ஆதிக்கத்தை முடித்தன. ஆனால் அரச கூட்டுத்தாபனங்கள் கொழும்பிலிருந்தே ஆண்டன. 1992 இல் தோட்டங்கள் 22 கம்பனிகளின் முகாமையில் விடப்பட்டன. 'பிராந்தியக் கம்பனிகள்' எனப் பெயர் பெற்ற இவற்றின் தலைமையகங்களும் பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சூழலிலுமே அமைந்தன. 2019 ஜனவரியில், நாளொன்றுக்கு 700 ரூபா அடிப்படைச் சம்பளத்தை விதித்த கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானதும் கொழும்பு அலரி மாளிகையிலேயே. உடைமை மூன்று தடவை மாறியது. தீர்மானிக்கும் இடம் மலைக்குத் திரும்பவில்லை.

தலைமையகத்தை ஹட்டனுக்கு மாற்றிவிட்டாற் சுரண்டல் ஒழிந்துவிடுமென எவரும் கூறார். இங்கு கொள்ளவேண்டியது, இத்தூரம் மலையின் உயரத்தாலோ பாதையின் நீளத்தாலோ விளைந்ததன்று என்பதே. அது மனிதர் தம் வர்க்க நலன் கருதிச் செய்த தெரிவு. உழைப்போரின் பக்கம் நின்று வேறொரு தெரிவும் செய்யலாம் என்பதற்கு 1931 இன் ஹட்டன் சான்று. லயத்து வாசலிலிருந்து தொழிலாளி நடந்துசென்று கேள்வி கேட்கக்கூடிய தூரத்தில் தன் தலைமையை வைத்திருக்கின்றதா என்பதே, அவர் பெயராற் பேசும் எந்நிறுவனத்துக்கும் உரிய முதலாவது அளவுகோலாகும்.