பாலைவனத்துச் சுவரும் அதன் மேல்பூச்சும்

பாலைவனத்தில் ஒரு வீட்டின் வெளிச்சுவரைக் கெடுப்பது எது என்று வகுப்பில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வெயில் என்றுதான் பதில் வரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்ஸிகோ மாநிலங்களில் வீடுகளுக்குப் பூச்சு பூசிய வரலாற்றைத் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வெயில் தின்பது பெயிண்டின் நிறத்தை. சுவரைத் தின்பது தண்ணீர்.

தண்ணீருக்கு அங்கே எங்கே போக என்று கேட்கலாம். அரிசோனாவின் டூசான் நகரில் வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் மழைகூட முழுதாகப் பெய்வதில்லை. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி, ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் புழுதிக்காற்றுமாக வந்து கொட்டித் தீர்க்கிறது. (அங்கேயும் அதை மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள்!) அந்தத் தண்ணீர் சுவரை என்ன செய்யும் என்பது மேலே என்ன பூசியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் மண். அடோபி என்பது சுடாத செங்கல். களிமண், மணல், வைக்கோல் குழைத்து அச்சில் போட்டு வெயிலில் காயவைப்பது. அந்தச் சொல்லே பெரிய பயணி. பழைய எகிப்திய மொழியில் பிறந்து, அரபி வழியாக ஸ்பானிஷுக்கு வந்து, ஸ்பானியர்களோடு கடல் தாண்டியது. அவர்கள் வருவதற்கு முன்பே அந்த நிலத்து மக்கள் மண்ணால் கட்டிக்கொண்டிருந்தார்கள். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காஸா கிராண்டே என்ற நான்கு மாடி மண் கட்டடம் இன்றும் அரிசோனாவில் நிற்கிறது. 1932இல் அதற்கு மேலே குடை பிடித்தது போல ஒரு பெரிய கூரை போட்டார்கள்.

மண் சுவருக்கு மண் பூச்சு. மழையில் பூச்சு கொஞ்சம் கரையும், சுவர் தப்பித்துக்கொள்ளும். உள்ளே இறங்கிய ஈரம் மறுநாள் வெயிலில் பூச்சு வழியாகவே வெளியேறிவிடும். ஓரிரு வருஷத்தில் மறுபடி பூச வேண்டும், அவ்வளவுதான். நியூ மெக்ஸிகோவில் சுவர் எழுப்புவது ஆண்கள் வேலை, பூசுவது பெண்கள் வேலை. அந்தப் பெண்களுக்கு என்ஹர்ரடோராஸ் என்று தனிப்பெயரே இருந்தது. ஒரு கட்டடத்தை யார் கட்டினார் என்று வரலாறு எழுதுகிறோம். அதை வருஷாவருஷம் உயிரோடு வைத்திருந்தது யார் என்று எழுதுவதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அடுத்தது சுண்ணாம்பு. டூசானுக்குத் தெற்கே ஓடம் மக்களின் ஊரில் சான் சேவியர் டெல் பாக் என்ற தேவாலயம் இருக்கிறது. 1783இல் தொடங்கி 1797இல் முடித்தார்கள். (முடித்தார்கள் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. இரண்டு கோபுரங்களில் ஒன்றுக்கு இன்றுவரை தொப்பி கிடையாது.) சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே வெள்ளை வெளேரென்று பூச்சு. பாலைவனத்தின் வெண்புறா என்று பெயர். இந்தச் சுண்ணாம்பில் சப்பாத்திக்கள்ளிச் சாறு சேர்ப்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். மடலை வெட்டி ஊறவைத்தால் கொழகொழவென்று ஒரு சாறு இறங்கும். அதைக் கலந்தால் காரை இழுவையாக இருக்கும், சீக்கிரம் காய்ந்து வெடிக்காது. நம் ஊர்க் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தது நினைவுக்கு வருகிறதா? அந்த மாதிரி யோசனைதான். நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியே அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியதுதான் என்பது கூடுதல் தகவல்.

1880இல் டூசானுக்கு ரயில் வந்தது. அறுத்த மரமும் மற்ற கட்டுமானப் பொருட்களும் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்தன. பிறகு சிமெண்ட். 1915இல் சான் டியாகோவில் நடந்த பனாமா கலிபோர்னியா பொருட்காட்சிக்கு ஸ்பானிஷ் பாணியில் கட்டடங்கள் எழுப்பினார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடும் தென்மேற்கு முழுக்கப் பரவியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஏ.சி. வந்ததும் நகரங்கள் வீங்கின. 1950இல் ஏறத்தாழ 1,07,000 பேர் இருந்த ஃபீனிக்ஸில் 2020இல் 16 லட்சம் பேர். இவர்களில் ஏராளமானவர்கள் வாழும் 'ஸ்டக்கோ' வீட்டில் மண்ணும் இல்லை, செங்கல்லும் இல்லை. மரச்சட்டம், அதன்மேல் தார்க்காகிதம், கம்பிவலை, அதன்மேல் சிமெண்ட் பூச்சு. மூன்று முறை பூசினால் மொத்தம் 22 மில்லிமீட்டர் கனம். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய மண்வீடு போலவே இருக்கும்.

சாண்டா ஃபே நகரம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 1957இல் வந்த விதிப்படி பழைய நகரப் பகுதியில் கட்டடங்கள் பழைய பாணியில், மண் நிறத்தில் இருக்க வேண்டும். மண்ணால் கட்ட வேண்டும் என்பதில்லை, மண் மாதிரி தெரிந்தால் போதும்! எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் சிமெண்ட் உண்மையான மண் சுவர்மேல் ஏறியபோது நடந்தது சிரிக்கும் விஷயமில்லை. நியூ மெக்ஸிகோவில் ராஞ்சோஸ் டி தாவோஸ் என்ற ஊரில் 1816 வாக்கில் முடிந்த ஒரு மண் தேவாலயம் இருக்கிறது. ஜார்ஜியா ஓ'கீஃப் ஓவியமாகத் தீட்டியது, ஆன்செல் ஆடம்ஸ் படம் பிடித்தது எல்லாம் இதன் பின்பக்கத்தைத்தான். 1967இல் இதற்குக் கெட்டியான சிமெண்ட் பூச்சு பூசினார்கள். இனிமேல் வருஷாவருஷம் மண் குழைக்க வேண்டாம், ஒரு தடவை செலவு செய்தால் முடிந்தது என்று யாருக்குத்தான் தோன்றாது? மூட்டு வலிக்க ஏணியில் நின்று பூசுகிறவர்களைக் குறை சொல்ல நாம் யார்?

சிமெண்ட் கெட்டி, மண் மெத்து. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அதனால் மேலே மயிரிழை விரிசல்கள். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும். தரையிலிருந்து ஓதமும் ஏறும். வெளியே வர வழியில்லை. மண் சுவர் உள்ளுக்குள்ளேயே சேறாகி இறங்கும், ஆனால் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பூச்சு ஓடு மாதிரி நிற்கும். இதுதான் எனக்குப் பயங்கரமாகப் பட்டது. மண் பூச்சு கெட்டால் கண்ணுக்குத் தெரியும். சிமெண்ட் பூச்சு தான் கெடாமல் சுவரைக் கெடுக்கிறது.

பன்னிரண்டே வருஷம். 1979இல் சிமெண்டை முழுக்கப் பெயர்த்து எடுத்துவிட்டு ஊர் மக்கள் மறுபடி மண்ணுக்கே திரும்பினார்கள். இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் பங்கு மக்கள் கூடி மண் சலித்து, வைக்கோல் கலந்து, கையால் பூசுகிறார்கள்.

வெண்புறாவுக்கும் இதே கதிதான். 1980களில் பூசிய சிமெண்ட் கலவை ஈரத்தை உள்ளே பூட்டி வைத்தது. மேற்குச் சுவரில் நீர் கசிந்து உள்ளே இருந்த 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் பாழாக ஆரம்பித்தன. 1992 முதல் 1997 வரை வெளிநாட்டு நிபுணர்கள் வந்து ஓவியங்களைக் காப்பாற்றினார்கள். அவர்களோடு ஓடம் இளைஞர்களும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். வெளியே சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, மறுபடி சுண்ணாம்பும் கள்ளிச் சாறும்.

சரி, பெயிண்டுக்கு வருகிறேன். அதிலும் இதே கதை சின்ன அளவில் நடக்கிறது. புதுச் சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் காரம் அதிகம். எண்ணெய்ப் பெயிண்டை மேலே அடித்தால் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். 1953இல் அமெரிக்கக் கடைகளுக்கு அக்ரிலிக் எமல்ஷன் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. அப்போதும் புதுப் பூச்சை ஒரு மாதமாவது ஆறவிட்டு அடிப்பதே நல்லது. பாலைவனத்தில் இன்னொரு சிக்கல், சுவர் காற்றைவிடப் பல டிகிரி அதிகமாகக் கொதிக்கும். பெயிண்ட் சுவரைப் பிடிப்பதற்குள் மேலே தோல் கட்டிவிடும். அதனால் அனுபவசாலிகள் காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்று நிழலைப் பின்தொடர்ந்து அடிக்கிறார்கள். விரிசலை மூட ரப்பர் மாதிரி இழுபடும் கெட்டிப் பெயிண்டும் உண்டு. மழையை நன்றாகத் தடுக்கும். ஆனால் கைப்பிடிச் சுவரின் தலையிலோ ஜன்னல் ஓரத்திலோ தண்ணீர் உள்ளே போய்விட்டால், பெயிண்ட் கொப்புளம் போட்டு உள்ளே தண்ணீரோடு தொங்கும்.

நிறமும் நம் இஷ்டமில்லை. பல குடியிருப்புகளில் வீட்டுக்காரர் சங்கம் கொடுக்கும் பட்டியலில் இருந்துதான் நிறம் எடுக்க வேண்டும், அதில் பெரும்பாலும் மண் நிறங்கள். 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் 200 வருஷமாக இருக்க, அழகுக்காகப் பழுப்பு அடித்துக்கொள்கிறார்கள்.

டூசானில் பாரியோ வியேஹோ என்று ஒரு பழைய பேட்டை இருக்கிறது. மெக்ஸிகோ வழிவந்த குடும்பங்களின் மண் வீடுகள். 1960களின் கடைசியில் மாநாட்டு அரங்கம் கட்டுவதற்காக அதில் பெரும்பகுதியை இடித்தார்கள். மிஞ்சிய வீடுகள் நீலம், மஞ்சள், ரோஸ் என்று இப்போது சுற்றுலாப் படங்களில் வருகின்றன. இப்படிப்பட்ட வீட்டைப் பழுதுபார்க்கிறவர்கள் முதலில் சுவரின் அடிப்பாகத்தில் கொஞ்சம் சிமெண்டைக் கொத்திப் பார்ப்பார்கள். உள்ளே மண் ஈரமாக இருந்தால் பெயிண்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டு, பூச்சு முழுவதையும் எடுத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிட்ட பிறகுதான் சுண்ணாம்பைக் குழைக்க வேண்டும்.