இரும்பின் குறை கண்ட கருவி

வயிற்றினுள் வளரும் கட்டி எத்தகையது என்பதை அறிய, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வைத்தியருக்குப் பெருந்துணையாய் நின்றவை அவருடைய கைவிரல்களே. சூலகத்து நீர்க்கட்டியா, கருப்பையிலே தடித்த நார்க்கட்டியா, அன்றிக் கொடிய புற்றா என்று தொட்டுப் பார்த்து உய்த்துணர்வர். ஐயம் தீராவிடின் வயிற்றைத் திறந்து பார்ப்பர். இந்நிலையை மாற்றிய கருவி வைத்தியசாலையிற் பிறந்ததன்று என்பதே வியப்பு.

ஸ்கொட்லாந்திலுள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1954 இல் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரானவர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப் போரிலே விமானப் படையிற் பணிபுரிந்து, ராடரின் இயல்பை அறிந்தவர். உருக்கினுள் மறைந்து கிடக்கும் வெடிப்பை, மனிதக் காதுக்கு எட்டாத கழியொலியின் எதிரொலியாற் கண்டறியும் கருவி அக்காலத் தொழிற்சாலைகளில் இருந்தது. இரும்பின் குறையைக் காட்டுவது தசையின் குறையைக் காட்டாதோ?

1955 ஜூலையில், சத்திரசிகிச்சையால் அகற்றிய கட்டிகளை இரண்டு மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, ரென்புரூ நகரத்துக் கொதிகலன் தொழிற்சாலைக்கு அவர் சென்றார். ஒப்பு நோக்குதற்கென அங்கே மாட்டிறைச்சித் துண்டம் ஒன்றும் காத்திருந்ததாம்! நீர்க்கட்டியினூடே ஒலி தடையின்றிச் சென்று அப்பாலுள்ள சுவரில் மோதித் திரும்பிற்று. நார்க்கட்டியிலோ ஆழஞ் செல்லச் செல்லத் தேய்ந்தது. வேற்றுமை தெளிவாயிற்று.

ரொம் பிரௌண் என்னும் இளம் பொறியியலாளரும், ஜோன் மக்விக்கார் என்னும் வைத்தியரும் துணை சேர்ந்தனர். ஆயினும் ஏனைய வைத்தியர் பலர் இதனை நம்பினாரல்லர். அந்நாளிலே, இரைப்பைப் புற்று முற்றி வயிற்றில் நீர் கோத்துவிட்டது, இனிச் சத்திரசிகிச்சைக்கும் இடமில்லை எனக் கருதப்பட்ட பெண்ணொருத்தியை டொனால்டிடம் காட்டினர். கருவியோ பெரியதொரு நீர்க்கட்டிக்குரிய எதிரொலியையே காட்டியது. வயிற்றைத் திறந்தனர். புற்று இல்லை, சூலகத்திலே வளர்ந்த தீங்கற்ற கட்டியே இருந்தது. அது நீங்க, அவள் பிழைத்தாள். நம்பாதாரை நம்பச் செய்தற்கு அவ்வோர் உயிர் போதுமானதாயிற்று.

மூவரும் 1958 ஜூன் 7 ஆந் திகதிய 'லான்செற்' இதழிலே தம் ஆய்வை வெளியிட்டனர். தம் கருவி காட்டுவதைக் கொண்டு வைத்தியரின் தீர்ப்பை மாற்றுங் காலம் இன்னும் வரவில்லை என அவர்களே அதில் அடக்கத்துடன் எழுதியமை போற்றத்தக்கது.

1963 இல் டொனால்ட் மற்றொன்று கண்டார். சிறுநீர்ப்பை நிறைந்திருப்பின் அது குடலை ஒதுக்கி, கருப்பையைக் காண்பதற்கோர் சாளரமாகும். வயிற்றின் மேலாகக் கழியொலிப் பரிசோதனை செய்யுமுன் பெண்களை நிறையத் தண்ணீர் அருந்தச் சொல்வது இதனாலேயே.