மூளை ஆராய்ச்சியும் முகம் பார்க்கும் கண்ணாடியும்



புக்கிட் காத்தில் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் ‘டாக்டர்’ என்றதும் ஊசியும் மருந்தும்தான் நம் நினைவுக்கு வரும். மகளோ மகனோ, “மூளையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெறப் போகிறேன்” என்றால், “இன்னும் எத்தனை ஆண்டு படிப்பது? யாருக்குப் பயன்?” என்று கேட்போம். நியாயமான கேள்விதான். ஒரு தமிழரின் வரலாற்றில் அதற்கு விடை இருக்கிறது.

வி. எஸ். ராமச்சந்திரன் 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றார். இரு கண்களும் காணும் காட்சிகளை மூளை எப்படி ஒன்றாக்குகிறது என்ற கேள்வி மாணவப் பருவத்திலேயே அவரைப் பற்றிக்கொண்டது. மருத்துவத் தொழிலோடு நின்றிருக்கலாம். அவரோ கேம்பிரிட்ஜ் சென்று 1978-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில், சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அங்கே அவரை வேறொரு புதிர் ஈர்த்தது. இயந்திரத்தில் சிக்கிக் கையை இழந்த ஒருவர், “இல்லாத விரல் வலிக்கிறது” என்றால் நாம் நம்புவோமா? ஆனால் அது மெய்யான வலி. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களிடம் மருத்துவர் வெயர் மிட்செல் இதைக் கண்டு, ‘மாய உறுப்பு’ என்று பெயரிட்டார். கை போனாலும் மூளையில் அதற்கான இடம் அழிவதில்லை.

1990-களில் ராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். நோயாளி நல்ல கையைக் கண்ணாடியின் முன் வைத்து அசைத்தார். கண்ணாடியில் தெரிந்த பிம்பம், இழந்த கையே திரும்பி வந்து அசைவது போலிருந்தது. இறுக மூடியிருந்த மாய விரல்கள் விரிந்தன, வலி தணிந்தது என்று சிலர் கூறினர். எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. ஆயினும் பல நாட்டு மருத்துவமனைகள் இம்முறையைக் கையாள்கின்றன. கண்ணைப் பற்றிய படிப்பு கைவலிக்கு உதவியதைப் பாருங்கள்!

ராமச்சந்திரன் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லைதான். என்றாலும் நம் நாட்டிலேயே, கிளந்தான் குபாங் கெரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் நரம்பியல் ஆராய்ச்சிப் பட்டம் பெற வழியுண்டு. எத்தனை ஆண்டாகும், செலவு எவ்வளவு, உதவித்தொகை கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரிப்போம். ஆனால் “யாருக்குப் பயன்?” என்று கேட்டு, பிள்ளையின் ஆசையை முளையிலேயே கிள்ள வேண்டாம். வலியால் துடிக்கும் ஒருவருக்கு அதனால் பயன் உண்டு.